எடை மெஷின் சொல்லாததை இன்ச் டேப் சொல்லும்

ஆண்களின் எடை, தொப்பை, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) குறித்து சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். 18 வயதுக்குமேல் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இந்தக் கணக்குகள் பொருந்தும்.

கே: என் உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 72 கிலோ. செல்போனில் போட்டுப் பார்த்தால் பி.எம்.ஐ. 24.7 வருகிறது. இன்சூரன்ஸ் பரிசோதனையில் 25.6 என்று எழுதியிருக்கிறார்கள். எடை ஒன்றுதானே, எண் ஏன் மாறுகிறது? (சூரமங்கலம், வயது 38)

இன்சூரன்ஸ்காரர்கள் எழுதியதுதான் சரி. நீங்கள் செல்போனில் உயரத்தை 5.6 என்று போட்டிருப்பீர்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம். ஆகவே 5 அடி 6 அங்குலம் என்பது ஐந்தரை அடி, அதாவது 5.5. நீங்கள் 5.6 என்று போட்டதும் உங்கள் உயரம் 167.6 செ.மீ.யிலிருந்து 170.7 செ.மீ. ஆகிவிட்டது. இல்லாத மூன்று சென்டிமீட்டர் கூடியதால் எண் இறங்கிவிட்டது. இந்தத் தவறு மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அடிக்கணக்கையே விட்டுவிட்டு, உயரத்தை அங்குலமாக்கி 2.54 ஆல் பெருக்கி சென்டிமீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு சாதாரண கால்குலேட்டர் போதும். எடையை கிலோவில் போட்டு, அதை மீட்டரில் சொன்ன உயரத்தால் வகுக்க வேண்டும். வந்த விடையை அதே உயரத்தால் இன்னொரு முறை வகுக்க வேண்டும். 72 ÷ 1.676 ÷ 1.676 = 25.6. உயரத்தால் இரண்டு முறை வகுப்பதால், உயரத்தில் ஒரு சதவீதம் பிசகினால் விடையில் இரண்டு சதவீதம் பிசகும். எடையைவிட உயரத்தை அளப்பதில்தான் அதிக கவனம் வேண்டும்.

பத்தாம் வகுப்பில் அளந்த உயரத்தையோ, லைசென்ஸ் எடுக்கும்போது உத்தேசமாகச் சொன்ன உயரத்தையோ நம்ப வேண்டாம். காலையில், செருப்பில்லாமல், அடிப்பட்டி இல்லாத சுவரை ஒட்டி நில்லுங்கள். குதிகால், பின்புறம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொடட்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். மோவாயைத் தூக்கினால் அளவு மாறும். இன்னொருவர் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, முடி அமுங்கும்படி தலைமேல் இறக்கி, அதன் அடிவிளிம்பில் பென்சில் கோடு போடட்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை இரும்பு டேப்பால் அளந்தால் முடிந்தது. மாலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை குறையலாம். பகல் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்குவதே காரணம்.

எடையைக் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், லுங்கியோ அரைக்கால் சட்டையோ மட்டும் அணிந்து பாருங்கள். மெஷின் டைல்ஸ், சிமென்ட் போன்ற கெட்டியான தரையில் இருக்க வேண்டும். பாய், மிதியடி மேல் வைத்தால் தவறான எடை காட்டும். ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறி இறங்குவது உப்பும் தண்ணீரும் செய்யும் வேலை, கொழுப்பு அல்ல. ஜங்ஷனில் ஷூவும் தோள்பையுமாக ஏறி எடுத்த எடைச் சீட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கே: ஒரு மருத்துவமனைச் சுவரில் 25 வரை நார்மல் என்று அட்டவணை மாட்டியிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் 23க்கு மேல் போனாலே அதிக எடை என்கிறார்கள். எனக்கு 24. நான் எந்தப் பக்கம்? (அஸ்தம்பட்டி)

நம் ஊர்க் கணக்குப்படி நீங்கள் அதிக எடைப் பிரிவில் இருக்கிறீர்கள். இரண்டு அட்டவணைகளும் அச்சுப் பிழை அல்ல. அவை வேறு வேறு மக்களுக்காகப் போடப்பட்டவை.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் முறையை 1830களில் சொன்னவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அடால்ஃப் கெத்தலே. சராசரி மனிதனின் அளவுகள் எப்படி அமைகின்றன என்று புள்ளிவிவரம் தேடியபோது அவர் கண்டது அது. நோயாளியைப் பரிசோதிக்க அவர் அதை உருவாக்கவில்லை. 1972இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் பல நாட்டு ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, கொழுப்பை மதிப்பிட இருக்கும் எளிய கணக்குகளில் இது பரவாயில்லை என்று காட்டி, இன்றைய பெயரையும் வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணையில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் 29.9 வரை அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன்.

ஆசிய மக்களுக்கு 25க்குக் கீழேயே சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் தொடங்கிவிடுகின்றன. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசியர்களுக்காக 23, 27.5 என்ற இரண்டு எச்சரிக்கைப் படிகளைச் சேர்த்தது. 2009இல் இந்திய வல்லுநர்கள் ஒருமித்து வெளியிட்ட அளவு இன்னும் இறுக்கமானது: 18 முதல் 22.9 வரை இயல்பு, 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25 தொட்டாலே உடல் பருமன்.

கிலோவில் சொன்னால் எளிதாகப் புரியும். 160 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு 23 என்ற கோடு ஏறத்தாழ 59 கிலோவில் வருகிறது. 165 செ.மீ. என்றால் 62.5 கிலோ, 170க்கு 66.5, 175க்கு 70.5. பருமன் என்று சொல்லும் 25, இதே உயரங்களுக்கு முறையே 64, 68, 72, 76.5 கிலோ. உயரத்திலிருந்து நூறைக் கழித்தால் எடை என்று பலர் சொல்லும் கணக்கு 170 செ.மீ. ஆணுக்கு 70 கிலோ வரை அனுமதிக்கிறது. நம் அளவுப்படி அது ஏற்கெனவே மூன்றரை கிலோ அதிகம்.

24 என்பதற்காகப் பயப்பட வேண்டாம். அடுத்த பதிலில் சொல்லியிருப்பதுபோல வயிற்றை அளந்து பாருங்கள்.

கே: வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பி.எம்.ஐ. 22.4தான். கை கால் எல்லாம் ஒல்லி, கொஞ்சம் தொப்பை மட்டும் உண்டு. போன மாதம் மூன்று மாத சராசரி சர்க்கரை 6.0 என்று வந்தது. எடை சரியாக இருப்பவனுக்கு சர்க்கரை எப்படி வரும்? (செவ்வாய்ப்பேட்டை, வயது 44)

வந்த கேள்விகளிலேயே மிக முக்கியமானது இதுதான். உங்களைப் போன்றவர்களை பி.எம்.ஐ. தவறவிடுகிறது. எடை மெஷினுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். கை கால்களில் தசை குறைந்து, வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருந்தால் இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும், மொத்த எடை அழகாக நார்மலில் நிற்கும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட வயிற்றுக்குள் தேங்கும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு படம் மருத்துவர்கள் மத்தியில் புகழ்பெற்றது. புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். எண் ஒன்று, உடல் வேறு. பார்வைக்கு ஒல்லி, உள்ளுக்குள் கொழுப்பு என்ற இந்த உடல்வாகு இந்திய ஆண்களிடம் சகஜம்.

அதனால் பி.எம்.ஐ.யோடு வயிற்றுச் சுற்றளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்திய ஆணுக்கு எல்லை 90 செ.மீ., அங்குலத்தில் முப்பத்தைந்தரைக்குச் சற்றுக் குறைவு. அத்துடன் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 164 செ.மீ. உயரமானவருக்கு 82 செ.மீ.தான் பாதி என்பதால், குட்டையானவர்கள் 90 வரை இருக்கலாம் என்று விட்டுவிடக் கூடாது.

பேன்ட் சைஸை வைத்து இதைச் சொல்ல முடியாது. தொப்பை விழுந்தவர்கள் பேன்ட்டையும் வேட்டியையும் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். 34 சைஸ் போடுகிறவருக்கு உண்மையான சுற்றளவு 38 இருக்கலாம். சட்டையைக் கழற்றி நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ்முனையைத் தடவிக் கண்டுபிடியுங்கள். அதற்கு நேர்கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைத்து, டேப்பை அந்த உயரத்திலேயே முதுகைச் சுற்றித் தரைக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் டேப் இறங்கிவிடுவதுதான் வழக்கமான கோளாறு; கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் படியுங்கள். இரண்டு முறை அளந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். தையல் கடையில் பழசான துணி டேப் நீண்டிருக்கும், புதிய டேப் வாங்குங்கள்.

அளந்தபின் இன்னொரு கணக்கும் போடுங்கள். 2005இல் சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50க்கு மேல் 30. ஆண்களுக்கு வயிறு 90 செ.மீ.க்குள் என்றால் 0, 90 முதல் 99 வரை 10, 100க்கு மேல் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். நாள் முழுக்க உட்கார்ந்து பற்றவைப்பு வேலை பார்க்கும் 44 வயது ஆணுக்கு வயிறு 93 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும் 20, 10, 30 சேர்ந்து 60 ஆகிவிடுகிறது. பி.எம்.ஐ. இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் 6.0 இன்னும் சர்க்கரை நோய் அல்ல. 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, திருப்பிக் கொண்டுவர வாய்ப்புள்ள நிலை. சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல முந்தைய நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் மாற்றியதில் சர்க்கரை நோயாக மாறுவது சுமார் 28 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாமலேயே அந்தப் பலன் கிடைத்தது. ஆகவே உங்கள் இலக்கு கிலோ அல்ல. வாரத்தில் 150 நிமிடம் மூச்சு சற்று வாங்கும் வேகத்தில் நடை, வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. ஸ்குவாட், சுவரைத் தள்ளும் தண்டால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது எதுவாகவும் இருக்கலாம். பட்டறையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். மதியச் சோற்றில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொள்ளு, பாசிப்பயறு, முட்டை, மீன் என்று ஏதாவது ஒரு புரதம் வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையை மறுபடி செய்து பாருங்கள். அதே நேரத்தில் ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு ஆகியவற்றையும் பார்ப்பது அவசியம்.

கே: ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. மாதம் ஒருமுறை சேலம் இறங்கும்போது எடை பார்த்தால் இங்கே பார்ப்பதைவிட ஒரு கிலோ கூடுகிறது. மலையில் புவியீர்ப்பு குறைவு என்பதாலா?

புவியீர்ப்பு உயரத்தில் குறைவது உண்மை. ஆனால் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். 70 கிலோ ஆளுக்கு அதனால் குறைவது 30 கிராமுக்கும் கீழே, வீட்டு மெஷின் அதைக் காட்டவே காட்டாது. ஒரு கிலோ வித்தியாசம் இரண்டு மெஷின்களுக்கு இடையே உள்ளது. கூடவே சேலத்தில் பார்ப்பது சாப்பிட்ட பிறகாகவும் இருக்கலாம். எங்காவது ஒரே மெஷினில் மட்டும் பாருங்கள்.

கே: லீ பஜாரில் மூட்டை இறக்கும் வேலை. 170 செ.மீ., 78 கிலோ. பி.எம்.ஐ. 27, உடல் பருமன் என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். வயிறு 82 செ.மீ.தான். நான் இளைக்க வேண்டுமா?

வேண்டாம். சுற்றளவு 82, உயரத்தில் பாதியான 85க்குள் இருக்கிறது. உங்களுக்கு அந்த 27இல் பெரும்பங்கு தசை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இயல்பாக இருந்தால் எடையைத் தொட வேண்டியதில்லை. வேலை நிற்கும் காலத்தில்தான் ஜாக்கிரதை தேவை. மூட்டை தூக்கிய நாளில் சாப்பிட்ட அளவையே தூக்காத நாட்களிலும் சாப்பிட்டால், தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கும், எடை மட்டும் அப்படியே இருக்கும். ஜிம் போகிற இளைஞர்களுக்கும் இதே அளவுகோல்தான். வயிறு 96 செ.மீ. வைத்துக்கொண்டு எல்லாம் மசில் என்று சொல்வதை ஏற்க முடியாது.

கே: லாரி டிரைவர். 172 செ.மீ., 92 கிலோ, வயிறு 108. பயங்கரக் குறட்டை, பகலில் தூக்கம் சொக்குகிறது. பத்து நாளில் ஐந்து கிலோ குறைக்கும் பவுடர் என்று விளம்பரம் பார்த்தேன், வாங்கலாமா? (சங்ககிரி, வயது 41)

பவுடரைப் பிறகு பார்ப்போம். முதலில் குறட்டை. பி.எம்.ஐ. 31, பகல் தூக்கம், குறட்டை மூன்றும் சேர்ந்தால் உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருக்கலாம். கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, படுத்ததும் தொண்டையில் மூச்சுப் பாதையை அழுத்துகிறது. ஆக்சிஜன் இறங்கும், மூளை திடுக்கிட்டு எழுப்பும், இரவு முழுக்க இதே நடக்கும். காலையில் எழுந்தால் தூங்கியதாகவே இருக்காது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். சட்டைக் காலர் உயரத்தில் கழுத்தை அளந்து 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்து ஸ்லீப் ஸ்டடி (உறங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுங்கள். ஸ்டியரிங் பிடிப்பவருக்கு இது தள்ளிப்போடக்கூடிய விஷயமே அல்ல. நோய் உறுதியானால் இரவில் மாட்டும் காற்றழுத்தக் கருவி உண்டு. அதுவரை இரவில் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள், கண் சொக்கினால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

இனி எடை. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. பத்து நாளில் ஐந்து கிலோ கொழுப்பைக் கரைக்க தினம் 3,850 கலோரி பற்றாக்குறை வேண்டும். முழுப் பட்டினி கிடந்தாலும் உங்கள் உடல் அவ்வளவு செலவழிக்காது. பவுடர் குடித்து முதல் வாரம் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அது வெளியேறும், மறுபடி சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும்.

உங்களுக்கு முதல் இலக்கு 5 சதவீதம், அதாவது நாலரை கிலோ. அடுத்தது 10 சதவீதம். அவ்வளவுக்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் குறட்டையும் மட்டுப்படும். பி.எம்.ஐ. 23 வரும் 68 கிலோவுக்கு வந்தால்தான் ஆச்சு என்று நினைத்தால் நடுவிலேயே விட்டுவிடத் தோன்றும். வாரம் அரை கிலோ குறைந்தால் நல்ல வேகம், அதற்கு நாளைக்கு 500 கலோரி குறைய வேண்டும்.

அதை உங்கள் வழித்தடத்திலேயே தேடலாம். நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையில் மட்டும் 240 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பரோட்டா, சில்லி, தட்டில் மிதக்கும் சால்னா இவற்றில் எத்தனை கரண்டி போகிறது என்று யோசியுங்கள். மது பழக்கம் இருந்தால் ஒரு குவார்ட்டரில் சாராயம் மட்டும் 425 கலோரி வரை. சைடு டிஷ் தனி. குறட்டை நோயையும் மது கூட்டும், தொண்டைத் தசையைத் தளர்த்திவிடும். டீயில் சர்க்கரையை நிறுத்தி, இரவுப் பரோட்டாவை இட்லி, சப்பாத்தி, முட்டை, பருப்பு என்று மாற்றினாலே 500 வந்துவிடும். லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் கேபினில் படுக்காமல் யார்டைச் சுற்றி நடங்கள்.

எடை குறைக்கும் வார ஊசிகள் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பி.எம்.ஐ. 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் கூடவே நோயும் இருப்பவர்களுக்கு மருத்துவர் தரும் மருந்து அது. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது, கொழுப்போடு தசையும் கரைகிறது. மருந்துக் கடையில் நேராகக் கேட்டு வாங்கும் பொருளல்ல.

கே: அப்பாவுக்கு 69 வயது, தாரமங்கலத்தில் தறி ஓட்டியவர். 66 கிலோ. பழைய உயரம் 168, இப்போது அளந்தால் 164தான். பி.எம்.ஐ. 24.5. சோற்றைக் குறைக்கச் சொல்லலாமா?

வேண்டாம். பழைய உயரத்துக்குக் கணக்கிட்டால் 23.4தான். முதுகெலும்பு சுருங்கியதால் எண் ஏறியிருக்கிறது. 4 செ.மீ. குறைந்திருப்பதால் எலும்புத் தேய்வு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வயதில் ஆபத்து தசை கரைவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் கால் தசைக்குப் பயிற்சியும், கிலோவுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் புரதமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவர் சொல்லட்டும். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் மூன்றரை கிலோ இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

கே: வயது 24. 170 செ.மீ., 50 கிலோ. எடை கூட தினமும் ஜவ்வரிசிக் கஞ்சி குடிக்கச் சொல்கிறார்கள். குடிக்கலாமா? (ஆத்தூர்)

உங்கள் பி.எம்.ஐ. 17.3, குறை எடை. சின்ன வயதிலிருந்தே இப்படியா, அண்மையில் இளைத்ததா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அண்மையில் என்றால் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் காசநோயா என்று பாருங்கள்; அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.

ஜவ்வரிசி உங்கள் பக்கத்துக் குச்சிக்கிழங்கிலிருந்து (மரவள்ளி) பிரித்த மாவுச்சத்து. 100 கிராமில் 350 கலோரி உண்டு, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. வெறும் கஞ்சியாகக் குடித்தால் ஏறுகிற எடை வயிற்றில் உட்காரும், செவ்வாய்ப்பேட்டை வாசகரின் நிலைதான் உங்களுக்கும் வரும். குடிப்பதானால் பாலில் காய்ச்சி, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு தினம் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டு, வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். மாதம் ஒரு கிலோ ஏறினால் போதும். கிலோ ஏறும்போது வயிற்றையும் அளந்து வாருங்கள். வயிறு மட்டும் ஏறினால் பயிற்சி போதவில்லை, கஞ்சி அதிகம் என்று அர்த்தம்.

கே: கொழுப்பு சதவீதம் காட்டும் டிஜிட்டல் மெஷின் வாங்கலாமா? (மேட்டூர்)

பாதத்தின் வழியாக மெல்லிய மின்சாரம் அனுப்பி, உடலில் தண்ணீர் எவ்வளவு என்று ஊகித்துக் கணக்குச் சொல்லும் மெஷின் அது. தண்ணீர் குறைவாகக் குடித்த நாளிலும், பாதம் வறண்ட நாளிலும், நடந்து வியர்த்த பிறகும் எண் குதிக்கும். ஒரே நேரத்தில், ஒரே நிலையில் பார்த்து மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்க மட்டும் உதவும். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறக் கூடாது. பணம் செலவழிக்க யோசிப்பவருக்கு இன்ச் டேப்பே போதும்.